தேசிங்கு ராஜா

தேசிங்கு ராஜா (இறப்பு: அக்டோபர் 3, 1714) தமிழ்நாட்டின் செஞ்சிக் கோட்டையை 1714ஆம் ஆண்டில் ஓர் ஆண்டுக்கும் குறைவான காலம் ஆண்ட புந்தேல ராஜபுத்திரர் ஆவார். இவரது இயற்பெயர் தேஜ் சிங். தமிழ் மக்களின் பேச்சில் இப்பெயர் தேசிங்கு எனத் திரிந்தது. ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்துப் போரிட்டு, தமது 22ஆம் அகவையில் போர்க்களத்தில் உயிர்நீத்தார்.

இவர் பயன்படுத்தியது என்று உறுதியாகச் சொல்லத்தக்க வாளோ அணிகலனோ பொதுவாக அறியப்படவில்லை. ஆயினும் இவரது வாளும் குதிரையும் தமிழர் பலருக்குத் தெரிந்தவை. கதைப்பாடல், தெருக்கூத்து, நாடகம், திரைப்படம் ஆகியவற்றின் வழியாகவே அவை மக்கள் மனத்தில் பதிந்தன. எனவே இவரது வரலாற்றைக் கற்போர், ஆவணங்கள் கூறும் தேஜ் சிங்கையும் கலைகள் படைத்த தேசிங்கையும் பிரித்தறிவது இன்றியமையாதது.

பின்னணி

செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டப்பட்டதாகும். 1677இல் மராட்டிய மன்னர் சிவாஜி இதனைக் கைப்பற்றினார். அவருடைய மகன் இராஜாராம் 1690 முதல் இங்கிருந்து மொகலாயரை எதிர்த்தார். நீண்ட முற்றுகைக்குப் பின்னர் 1698இல் மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் கோட்டையைப் பிடித்தார்.

அதன்பின் பேரரசர் அவுரங்கசீப்பின் படையில் பணியாற்றிய சுவரூப் சிங் என்னும் புந்தேலத் தலைவர் செஞ்சியின் கோட்டைத் தலைவராக அமர்த்தப்பட்டார். இவரே தேசிங்கின் தந்தை ஆவார். இவரது காலத்தில், கடலூரில் புனித டேவிட் கோட்டையை வைத்திருந்த ஆங்கிலேயருடன் 1710க்குப் பின் மோதல் ஏற்பட்டது. 1707இல் அவுரங்கசீப் இறந்தபின் தில்லியின் பிடி தளர்ந்தது. ஆற்காட்டு நவாபு தென்னாட்டில் வலிமை பெற்றார். சுவரூப் சிங் நவாபுக்குச் செலுத்த வேண்டிய தொகை பல ஆண்டுகளாக நிலுவையில் நின்றது.

ஆட்சிப் பொறுப்பு

1714இல் சுவரூப் சிங் இறந்தார். புந்தேல்கண்டில் இருந்த தேஜ் சிங் செய்தி அறிந்து செஞ்சிக்கு வந்து, தந்தையின் பதவியை ஏற்றுக்கொண்டார். கோட்டை தம் தந்தைக்குப் பேரரசரால் வழங்கப்பட்டது என்பதால் அது தமக்கே உரியது என்பது அவரது நிலைப்பாடு. புதிய பேரரசரிடமிருந்து புதிய ஆணை பெறவேண்டும், நிலுவையையும் செலுத்தவேண்டும் என்பது நவாபின் நிலைப்பாடு. நிலுவைத் தொகை 70 இலட்சம் என்று சொல்லப்படுவதுண்டு.

இப்பிணக்கு மதம் பற்றியதன்று. வரியும் வாரிசு உரிமையும் பற்றியது. தேசிங்கின் உற்ற நண்பரும் படைத்துணைவருமான மகபத் கான் ஓர் இசுலாமியர் ஆவார். அவர் தம் திருமண நிகழ்வை விட்டுப் போருக்கு விரைந்தார் என்று மரபு கூறுகிறது.

போரும் இறப்பும்

நவாபின் படை செஞ்சியை நெருங்கியபோது சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் பெருகியிருந்தது. படையளவில் இரு தரப்புக்கும் பெரும் வேறுபாடு இருந்தது. நவாபிடம் ஆயிரக்கணக்கான வீரர்கள் இருந்தனர். தேசிங்கிடம் இருந்தோர் சில நூற்றுவரே. கோட்டைக்குள் இருந்தபடி முற்றுகையைத் தாங்குவதை விடுத்து, அவர் வெளியே வந்து கடலி என்னுமிடத்தில் பகைவரை எதிர்கொண்டார். மகபத் கான் அப்போரில் மாண்டார். தேசிங்கும் அக்டோபர் 3, 1714 அன்று வீழ்ந்தார். கோட்டை நவாபின் வசமாயிற்று.

தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினார் என்றும், அவரது நினைவாகவே நவாபு இராணிப்பேட்டை என்னும் ஊரை அமைத்தார் என்றும் கூறப்படுகிறது. செஞ்சியில் செட்டிக்குளத்தின் அருகேயுள்ள ஒரு மேடை, தேசிங்கின் உடல் எரியூட்டப்பட்ட இடமாகக் காட்டப்படுகிறது. மகபத் கானின் நினைவு செஞ்சியை அடுத்த நீலாம்பூண்டியுடன் இணைத்துப் பேசப்படுகிறது. கோட்டைக்குள் சாதத்துல்லா கான் பெயரில் உள்ள பள்ளிவாசல் 1717–18 காலப்பகுதியில், வெற்றியாளர் தரப்பால் கட்டப்பட்டதாகும்.

கதைப்பாடலில் தேசிங்கு

தோற்றவரின் பெயரை நிலைநிறுத்தியது 'தேசிங்கு ராஜன் கதை' என்னும் கதைப்பாடல் ஆகும். இக்கதையில் தில்லிப் பேரரசரிடம் யாராலும் அடக்கமுடியாத குதிரை ஒன்று இருக்கிறது. அதனை அடக்க முயன்று தோற்ற தந்தை சிறைப்படுகிறார். இளைஞனான தேசிங்கு குதிரையை அடக்கித் தந்தையை மீட்கிறான். அக்குதிரை பாராசாரி எனப்படுகிறது. நண்பனின் குதிரை நீலவேணி எனப்படுகிறது. பேச்சுவழக்கில் இவ்விரு பெயர்களும் மாறிவிடுவது உண்டு.

இறுதிக் காட்சியில் தேசிங்கு தன் வாளை வானோக்கி எறிந்து, அது திரும்பி விழும்போது மார்பில் ஏற்று மடிந்ததாகக் கதைப்பாடல் சொல்லும். பகைவர் எவராலும் அவனை வெல்ல இயலவில்லை என்பதை உணர்த்தப் புலவன் கண்ட வழி இது எனக் கொள்ளலாம். பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரி எழுதி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூல், இக்காலப் பகுதியை ஆவணங்களின் துணையுடன் ஆராய்கிறது.

கூத்திலும் திரையிலும் பயன்பட்ட பொருள்கள்

செஞ்சிப் பகுதி தெருக்கூத்து தழைத்த நிலமாகும். கூத்தில் அரச வேடம் புனைவோர் அணியும் கிரீடமும் தோள் அணிகளும் 'கட்டை' எனப்படுகின்றன. கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டி இவற்றை அமைப்பர். விடியும்வரை ஆடவேண்டிய கலைஞருக்குப் பாரம் தெரியக்கூடாது. விளக்கொளியில் தொலைவில் இருப்போருக்கும் அணிகள் மின்னவேண்டும். அரசர்கள் அணிந்தவற்றின் நகல் என்பதைவிட, அரசர் என்ற எண்ணத்தைத் தோற்றுவிக்கும் கருவி என்பதே இவற்றுக்குப் பொருந்தும்.

1960இல் லேனா செட்டியார் தயாரிப்பில், டி. ஆர். ரகுநாத் இயக்கத்தில் 'ராஜா தேசிங்கு' திரைப்படம் வெளிவந்தது. எம். ஜி. இராமச்சந்திரன் தேசிங்கு, தாவுத் கான் என்னும் இரட்டை வேடங்களில் நடித்தார். பி. பானுமதி, பத்மினி, எஸ். எஸ். இராசேந்திரன் ஆகியோரும் நடித்தனர். ஜி. இராமநாதன் இசையமைத்தார். இப்படத்தின் பல நிகழ்ச்சிகள் திரைக்கதைக்காக அமைக்கப்பட்டவை. அவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாகாது.

திரைத்துறையில் 'பிராப்பர்ட்டி' என வழங்கும் வாள், கேடயம், மகுடம் போன்றவை மரம், அட்டை, மென்தகடு, சுண்ணச்சாந்து முதலியவற்றால் செய்யப்படுவது வழக்கம். 18ஆம் நூற்றாண்டு ராஜபுத்திரக் குதிரை வீரர்களிடையே பரவலாக இருந்தது 'தல்வார்' என்னும் வளைந்த வாள் ஆகும். அதன் கைப்பிடியின் முனையில் வட்டத் தகடு இருக்கும். தமிழ் அரச கதைப் படங்கள் பலவற்றிலோ, சண்டைக் காட்சிக்கு ஏற்ற மெல்லிய நேரான வாளே காணப்படுகிறது. இவ்வொரு வேறுபாட்டைக் கொண்டே திரை வாளையும் வரலாற்று வாளையும் பிரித்தறியலாம்.

இல்லங்களில் நகல் பொருள்கள்

திரைப்படத்தில் கண்ட வாள், மகுடம் முதலியவற்றின் நகலை வீட்டுக் கூடத்தில் வைத்து மகிழும் வழக்கம் உலகெங்கும் உள்ளது. அமெரிக்காவில் இது பெரும் வணிகமாக வளர்ந்துள்ளது. 1939இல் வெளிவந்த 'தி விசார்ட் ஆப் ஓசு' படத்தின் சிவப்புக் காலணிகளுள் ஓர் இணை 2024 திசம்பரில் 2 கோடியே 80 இலட்சம் டாலருக்கு ஏலம் கேட்கப்பட்டது. கட்டணங்களையும் சேர்த்தால் தொகை இன்னும் கூடும். 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்சு' படத்தின் ஒளிவாள் ஒன்று, பழைய நிழற்படக் கருவியின் ஒளிவிளக்குக் கைப்பிடியைக் கொண்டு செய்யப்பட்டது. அதன் நகலை விரும்புவோர், அக்கைப்பிடிகளைத் தேடி வாங்கியதும் உண்டு.

தமிழ்நாட்டில் திரைப்படப் பொருள்களைப் பேணும் முயற்சிகள் குறைவு. சென்னை தியாகராய நகரிலுள்ள எம். ஜி. ஆர். நினைவு இல்லத்தில், 'அடிமைப் பெண்' (1969) படத்தில் தோன்றிய சிங்கத்தின் பாடம் செய்யப்பட்ட உடல் வைக்கப்பட்டுள்ளது. ஏவி. எம். நிறுவனம் பழைய ஊர்திகளையும் படப்பிடிப்புக் கருவிகளையும் கொண்ட அருங்காட்சியகத்தை 2023இல் சென்னையில் திறந்தது.

தேசிங்கைப் பொறுத்தவரை, இல்லத்தில் இடம்பெறும் நகல் எதன் நகல் என்ற கேள்வி எழுகிறது. வாள் என்றால் அது பெரும்பாலும் நடிகர் ஏந்திய வாளின் நகலாகவே இருக்கும். தேஜ் சிங் ஏந்தியதன் நகலாக இராது. இதனால் அதன் மதிப்பு குறைவதில்லை. அது திரைக்கலையின் நினைவுப்பொருள் என்று அறிந்து வைத்திருப்பதே முறையாகும். பழமையான அசல் எனக்கூறி விற்கப்படும் பொருள்களைப் பற்றி விழிப்புடன் இருத்தல் வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களை உரிமமின்றி வணிகம் செய்ய இயலாது. அவற்றை ஏற்றுமதி செய்யத் தனியாருக்கு அனுமதியில்லை. கூரிய வாள்கள் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் வரையறைக்குள் வருபவை என்பதால், அழகுக்கு வைக்கும் நகல் முனை மழுங்கியதாக இருப்பது நன்று.

இன்றைய செஞ்சி

தேசிங்கு வாழ்ந்த காலத்தின் உண்மையான சான்றுகள் கோட்டையில்தான் உள்ளன. கல்யாண மகால், தானியக் களஞ்சியங்கள், குதிரை இலாயம் எனக் காட்டப்படும் கட்டடம், ராஜகிரியின் உச்சியிலுள்ள பீரங்கி ஆகியவற்றைப் பார்வையாளர்கள் காணலாம். விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்துள்ள இக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025 சூலையில், மராட்டியப் படைத்துறை நிலத்தோற்றங்கள் என்னும் தொகுதியில் அடங்கிய 12 கோட்டைகளுள் ஒன்றாக யுனெசுகோவின் உலகப் பாரம்பரியக் களப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஏனைய 11 கோட்டைகளும் மகாராட்டிரத்தில் உள்ளன.

இக்கோட்டையை ஆண்டவர்களுள் மிகக் குறுகிய காலம் ஆண்டோரில் ஒருவர் தேசிங்கு. ஆயினும் செஞ்சி என்றதும் மக்கள் முதலில் சொல்லும் பெயர் பெரும்பாலும் இவருடையதே ஆகும்.