குண்டு வீசியவர் தொண்டரானார்

குழந்தைகளே! குன்னூர் என்றதும் தேயிலைத் தோட்டங்களும் மலை ரயிலும் உங்கள் நினைவுக்கு வரும். மாற்றுத்திறனாளிகளுக்கான செஷயர் இல்லம் ஒன்றும் அங்கே அமைந்தது. அந்தப் பெயருக்கு உரிய லியோனார்டு செஷயர் ஒரு போர் விமானி என்றால் வியப்பாக இருக்கிறதா?

இங்கிலாந்தில் 1917, செப்டம்பர் 7ல் பிறந்த செஷயர், ஆக்ஸ்போர்டில் சட்டம் படித்தார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானியானார்.

1940 நவம்பரில் ஓர் இரவு. ஜெர்மனி வானில் பறந்த அவரது விமானத்தைப் பீரங்கிக் குண்டு தாக்கியது. விமானத்தின் பக்கவாட்டில் பெரிய ஓட்டை விழுந்தது, உள்ளே தீப்பிடித்தது. வானொலிக் கருவியை இயக்கிய டேவிட்சன் என்ற இளைஞருக்குக் கடுமையான தீக்காயம். அப்படியும் அவர் தம் வேலையை விடவில்லை. தோழர்கள் தீயை அணைத்தனர். செஷயர் விமானத்தைப் பத்திரமாக நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

1944 பிப்ரவரியில், பிரான்சின் லிமோஜ் நகரில் எதிரிகளுக்காக இயங்கிய விமான இன்ஜின் தொழிற்சாலையைத் தாக்கும் பணி வந்தது. அங்கே இரவு வேலையில் இருந்தவர்கள் பிரெஞ்சுப் பெண்கள். எனவே செஷயர் உடனே குண்டு போடவில்லை. தம் உயிரைப் பற்றிக் கவலைப்படாமல், கூரைக்கு மேலே தாழ்வாகப் பல முறை பறந்து எச்சரித்தார். பெண்கள் வெளியே ஓடித் தப்பினர். அதன் பிறகே தாக்குதல் தொடங்கியது.

நூறு முறை போருக்குப் பறந்த அவருக்கு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் 1944ல் கிடைத்தது. 1945, ஆகஸ்ட் 9ல் நாகசாகியில் அணுகுண்டு வெடித்ததை இன்னொரு விமானத்திலிருந்து நேரில் கண்டார். போர் முடிந்ததும் விமானப் படையை விட்டு விலகினார்.

1948ல் ஆர்தர் டைக்ஸ் என்ற முன்னாள் விமானப் படை வீரர் புற்றுநோயால் வாடினார். குணமாக வழியில்லை, போக இடமும் இல்லை. செஷயர் அவரைத் தம் வீட்டுக்கே அழைத்துவந்து, தாமே சமைத்துக் கொடுத்து, கடைசி நாள் வரை கவனித்தார். அதை அறிந்து மேலும் பல நோயாளிகள் வந்தனர். வீடே இல்லமாக மாறியது. இப்படித்தான் செஷயர் இல்லங்கள் பிறந்தன.

1955ல் அவர் இந்தியா வந்தார். மும்பை அந்தேரியில் நம் நாட்டின் முதல் செஷயர் இல்லம் உருவானது. 1959ல் சமூகத் தொண்டர் சூ ரைடரை மும்பையிலேயே மணந்தார்.

கடைசிக் காலத்தில் நரம்பு நோய் அவரையும் முடக்கியது. 1992, ஜூலை 31ல் மறைந்தார்.

டைக்சுக்காக அவர் திறந்தது ஒரே ஒரு கதவு. அது பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோருக்கு வாசலானது. உதவி செய்யப் பெரிய திட்டம் தேவையில்லை, குழந்தைகளே! அருகில் இருக்கும் ஒருவரிடமிருந்து தொடங்கினாலே போதும்.