மரம் போச்சு, சுவர் நிற்குது... யார் இந்த ஜான் கிளேட்டன்?

2023 செப்டம்பர். வட இங்கிலாந்தில், ஹேட்ரியன் சுவரை ஒட்டி ஒரு பள்ளத்தில் தனியாக நின்ற சைக்கமோர் மரத்தை இரண்டு பேர் ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துத் தள்ளினார்கள். நாடே கொதித்துப் போனது. அந்த மரத்தை நட்டவர் என்று சொல்லப்படுபவர்தான் ஜான் கிளேட்டன். மரத்தை விடுங்க, பக்கத்தில் அந்தச் சுவர் இன்னைக்கும் நிற்பதற்கே பெரிய காரணம் இவர்தான்.

ரோமப் பேரரசர் ஹேட்ரியன் உத்தரவில் கி.பி. 122-ல் கட்டத் தொடங்கிய எல்லைச் சுவர் இது. நீளம் சுமார் 117 கி.மீ. ரோமர்கள் போன பிறகு, அக்கம்பக்கத்தில் வீடு, கொட்டகை, வேலி எது கட்டினாலும் கல் இங்கிருந்துதான். 1750-களில் ராணுவச் சாலை போட்டபோது, மைல் கணக்கில் சுவரை இடித்து அடியில் கொட்டியது அரசாங்கமே.

1792-ல் பிறந்த கிளேட்டன் தொல்லியல் படித்தவர் அல்ல, வக்கீல். 1822 முதல் 45 வருஷம் நியூகாசில் நகரத்தின் டவுன் கிளார்க். ஏதோ குமாஸ்தா வேலை என்று நினைக்க வேண்டாம், நகரத்தையே ஆட்டிவைக்கும் பதவி அது! அப்பா வாங்கிய செஸ்டர்ஸ் பங்களா வளாகத்தில் ஒரு ரோமக் கோட்டையே இருந்தது. பார்க்க அழகா இருக்கட்டும் என்று அப்பா அதை மண் போட்டுச் சமன் செய்துவிட்டார். மகன் 1843-ல் அதையே தோண்ட ஆரம்பித்தார்.

கல் எடுப்பதைத் தடுக்க அவர் பிடித்த வழி ரொம்ப எளிது: நிலத்தையே வாங்கிவிடுவது. 1834-ல் ஸ்டீல் ரிக் பகுதியில் தொடங்கி, ஹவுஸ்டெட்ஸ், விண்டோலாண்டா என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். அவருக்குச் சொந்தமான கேரோபரோவில் 1876-ல் தோண்டிய கோவென்டினா தேவதையின் கிணற்றில் மட்டும் 13,000-க்கும் மேற்பட்ட ரோம நாணயங்கள்!

சரிந்து கிடந்த கற்களையும் அவரது ஆட்கள் சாந்து இல்லாமல் திரும்ப அடுக்கி, மேலே புல் பதித்தார்கள். இன்று மலை முகட்டில் சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுக்கும் பல இடங்களில் தெரிவது ரோமர் அடுக்கிய வரிசை இல்லை, இவர்கள் அடுக்கியதுதான். அதற்குப் பெயரே ‘கிளேட்டன் சுவர்’. இதனால் பழைய கட்டுமானத் தடயங்கள் கலைந்துபோயின என்பது தொல்லியலாளர்களின் குறை. நியாயமான குறைதான். ஆனா அவர் நிலத்தை வாங்காமல் இருந்திருந்தால், ஆராய அங்கே கல்லே மிஞ்சியிருக்காது.

கல்யாணமே செய்யாத கிளேட்டன் 1890-ல், 98 வயதில் இறந்தார். அவர் சேர்த்த சிலைகள், கல்வெட்டுகளை வைத்து 1896-ல் செஸ்டர்ஸில் அருங்காட்சியகம் திறந்தார்கள். நிலங்கள் தப்பவில்லை. குடும்ப வாரிசு ஒருவரின் சூதாட்டக் கடனால் 1929-ல் அத்தனையும் ஏலத்துக்கு வந்தன. ஹவுஸ்டெட்ஸ் கோட்டை அடுத்த வருஷமே நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்குப் போனது.