ஹோர்ஹே சாவேஸ்

ஹோர்ஹே சாவேஸ் (ஜூன் 13, 1887 – செப்டம்பர் 27, 1910) பெரு நாட்டைச் சேர்ந்த வானோடி ஆவார். ஆல்ப்ஸ் மலைத்தொடரை வானூர்தியில் முதன்முதலாகக் கடந்தவர் இவரே. மலையைக் கடந்து இத்தாலியில் தரையிறங்கும் வேளையில் இவரது வானூர்தியின் இறக்கைகள் முறிந்தன. அவ்விபத்தில் படுகாயமுற்ற சாவேஸ் நான்கு நாட்களுக்குப் பின்னர் தமது 23ஆவது வயதில் காலமானார்.

இளமை

பெருவியப் பெற்றோருக்குப் பாரிஸ் நகரில் பிறந்தார். பொறியியல் பயின்று 1908 இல் பட்டம் பெற்றார். சிறந்த விளையாட்டு வீரராகவும் விளங்கினார். 1910 பெப்ரவரியில் பிரான்சின் ரெய்ம்ஸ் நகருக்கு அருகே ஃபார்மன் பயிற்சிப் பள்ளியில் வானூர்தி ஓட்டக் கற்றார். அவ்வாண்டு செப்டம்பர் 8 அன்று 2,600 மீட்டருக்கும் அதிகமான உயரம் பறந்து உலக சாதனை படைத்தார். இவர் வானோடியாக வாழ்ந்த காலம் மொத்தம் ஏழு மாதங்களே.

ஆல்ப்ஸ் பயணம்

சுவிட்சர்லாந்தின் பிரிக் நகரிலிருந்து சிம்ப்ளான் கணவாய் வழியாக இத்தாலியின் மிலான் நகரை அடையும் போட்டி ஒன்று 1910 செப்டம்பரில் நடைபெற்றது. கணவாயின் உயரம் ஏறத்தாழ 2,000 மீட்டர். அக்கால வானூர்திகள் மரச்சட்டம், துணி, கம்பி ஆகியவற்றால் ஆனவை. வானோடி அமரும் இடம் திறந்தே இருக்கும். எனவே இது மிகத் துணிச்சலான போட்டி என்றே கூற வேண்டும். செப்டம்பர் 19 அன்று புறப்பட்ட சாவேஸ், காற்றின் கடுமையால் திரும்பி வந்தார்.

செப்டம்பர் 23 நண்பகலுக்குப் பின்னர் 50 குதிரைத்திறன் இயந்திரம் பொருத்திய பிளேரியோ ஒற்றைத்தட்டு வானூர்தியில் மீண்டும் புறப்பட்டார். கணவாயைத் தாண்டிய பின்னர் கோண்டோ மலையிடுக்கின் சுழற்காற்றில் வானூர்தி கடுமையாக அலைக்கழிக்கப்பட்டது. சுமார் 40 நிமிடங்களில் இத்தாலியின் டோமோடோசோலா நகரை அடைந்தார். அங்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டு மிலான் செல்வதே அவரது திட்டம். தரையிலிருந்து ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்தில் இறக்கைகள் மடங்கி வானூர்தி வீழ்ந்தது. அவரது கால்கள் இரண்டும் முறிந்தன. செப்டம்பர் 27 அன்று அந்நகர மருத்துவமனையில் இறந்தார்.

விபத்தின் காரணம்

மலைக்காற்றில் ஏற்கனவே தளர்ந்திருந்த வானூர்தியின் அமைப்பு, இறங்கும்போது ஏற்பட்ட விசையைத் தாங்கவில்லை என்பதே பொதுவாகக் கூறப்படும் விளக்கம். ஆயினும் பிளேரியோ வானூர்திகளின் இறக்கை முறிந்தது இது முதன்முறை அன்று. பிரெஞ்சு வானோடி லியோன் டெலகிராஞ் 1910 சனவரியில் இவ்வாறே உயிரிழந்திருந்தார்.

இவ்வானூர்தியின் இறக்கைகளை மேலும் கீழும் கம்பிகள் இழுத்துப் பிடித்திருந்தன. பறக்கும்போது காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுவதால் சுமை கீழ்க்கம்பிகளில் விழும். மேற்கம்பிகள் தரையில் நிற்கும்போது இறக்கை தொய்யாமல் தாங்கினால் போதும் என்று கருதப்பட்டதால் அவை வலுக்குறைவாக அமைக்கப்பட்டன. ஆனால் வானூர்தியின் மூக்கு திடீரெனக் கீழ்நோக்கித் திரும்பினால் காற்று இறக்கையை மேலிருந்து அழுத்தும். அப்போது முழுச் சுமையும் அந்த வலுக்குறைந்த மேற்கம்பிகளைச் சேரும். இக்குறையை 1912 இன் தொடக்கத்தில் பிரெஞ்சு அரசுக்கு எழுத்துமூலம் தெரிவித்தவர் வடிவமைப்பாளரான லூயி பிளேரியோவே. தமது தயாரிப்பின் குறையைத் தாமே வெளியிட்டது அக்காலத்தில் அரிய செயல். பிரெஞ்சு இராணுவம் இவ்வகை வானூர்திகளைப் பறக்கவிடாமல் நிறுத்தி, மேற்கம்பிகளை வலுப்படுத்திய பின்னரே மீண்டும் பயன்படுத்தியது. சாவேசின் இறக்கைகளும் இறங்கும் வேளையிலேயே முறிந்தன என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

நினைவு

சாவேசின் உடல் 1957 இல் பெருவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. தலைநகர் லிமாவின் பன்னாட்டு வானூர்தி நிலையம் இவரது பெயரைத் தாங்கியுள்ளது. 1913 சனவரியில் மற்றொரு பெருவிய வானோடியான ஹுவான் பியெலோவுசிச் அதே சிம்ப்ளான் வழியாகப் பறந்து டோமோடோசோலாவில் பாதுகாப்பாகத் தரையிறங்கினார்.