செனரத் மன்னனும் கீழைக் கரையும்

கப்பற்படை இல்லாத அரசன் கடலெல்லையைக் காப்பது எவ்வாறு? கண்டி மன்னன் செனரத்தின் வாழ்நாள் முழுவதும் இந்த ஒரு வினாவுக்கு விடை தேடுவதிலேயே கழிந்தது எனலாம்.

துறவு பூண்டிருந்த செனரத், உறவினனான விமலதர்மசூரியன் மறைந்தபின், 1604இல் காவியைக் களைந்து அரசி குசுமாசனதேவியை மணந்து அரியணை ஏறினான். மேலைக் கரை அப்போது போர்த்துக்கேயர் வசமிருந்தது. கண்டி உலகை நோக்கக் கொட்டியாரமும் மட்டக்களப்புமே வாயில்களாய் நின்றன.

அவ்வாயில்களைக் காக்க அவன் தூதையே நாடினான். 1612இல் ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தான். அவர்கள் கொட்டியாரத்தில் அமைத்த அரணைப் போர்த்துக்கேயர் அழித்தனர். உதவி தேடி ஐரோப்பா சென்ற தூதன் பொஸ்கவர், டென்மார்க்கு மன்னனை இணங்கச் செய்தும், திரும்பும் வழியிலேயே மாண்டான். 1620இல் டேனியக் கப்பல்கள் வந்தபோது, தூதன் ஒப்புக்கொண்ட செலவை ஏற்க மன்னன் மறுத்தான். டேனியரோ தரங்கம்பாடியில் நிலைகொண்டனர்.

இதற்கிடையே, 1617இல், திறை தர இசைந்து போர்த்துக்கேயருடனும் அவன் சமாதானம் செய்திருந்தான். அதைக் கோழைமை என்பார் உளர். காலத்தை விலைகொடுத்து வாங்கினான் என்பதே பொருந்தும். ஆயினும் அச்சமாதானம் கரையைக் காக்கவில்லை. போர்த்துக்கேயர் திருகோணமலையிலும், 1628இல் மட்டக்களப்பு வாவியின் புளியந்தீவிலும் கோட்டை எழுப்பினர். 1630இல் ரந்தெனிவெலவில் அவர்தம் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா வீழ்ந்தான். எனினும் 1633ஆம் ஆண்டுச் சமாதானத்தில் மட்டக்களப்புக் கோட்டை அவர்களிடமே தங்கிவிட்டது. 1635இல் செனரத் மறைந்தான். 1638இல் அவன் மகன் இராசசிங்கன் ஒல்லாந்தர் துணையுடன் அதைக் கைப்பற்றினான். ஆனால் துணைக்கு வந்தவரே பின்னர் கரைக்கு உரியவராயினர்.

அவ்வாறாயின் செனரத் தோற்றவனா? கல்முனைப் பக்கத்தார் அதனை எளிதில் ஒப்பார். போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய 1626இல், அவன் அவர்களுக்குக் கண்டியிற் புகலிடம் தந்து, ஏறத்தாழ நாலாயிரவரை மட்டக்களப்பு நாட்டிற் குடியேற்றினான். அம்பாறைக் கரையும் அந்நாளில் அந்நாட்டின் பகுதியே. 1961இலேதான் அது தனி மாவட்டமாயிற்று. அங்கு முன்பே வாழ்ந்த முஸ்லிம்களோடும் தமிழரோடும் வந்தவர் கலந்தனர். வயலும் கடலும் அவர்க்கு வாழ்வளித்தன.

அது அருள் மட்டுமன்று, அரசியலும் ஆகும். பகைவன் துரத்திய மக்களைப் பகைவன் கண்வைத்த கரையில் அமர்த்தியவன் அவன். உடன்படிக்கைகள் கிழிந்தன, கோட்டை கைமாறியது. அந்த மக்கள் வழியினரோ இன்றும் கீழைக் கரையில் வாழ்கின்றனர்.