வானில் ஏறி ஊரைப் படம் பிடித்தவர்

பாரீஸ் நகரில் 1820-ம் ஆண்டு பிறந்தவர் நதார். முதலில் கேலிச்சித்திரம் வரைந்தார். பிறகு போட்டோ நிலையம் நடத்திப் பெரும் புகழ் பெற்றார்.

அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. ஒரு ஊரை அளந்து வரைபடம் போட ஆட்கள் நாள்கணக்கில் நடக்க வேண்டும். வானத்தில் இருந்து படம் எடுத்தால் வேலை சுலபம் அல்லவா? இந்த யோசனைக்கு 1858-ல் அவர் காப்புரிமையும் வாங்கினார்.

அதே ஆண்டு பலூனில் ஏறினார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசிப் படம் பிடித்தார். கழுவிப் பார்த்தால் ஒரே கறுப்பு! மீண்டும் மீண்டும் ஏறினார். மீண்டும் மீண்டும் கறுப்புத்தான். பணம் கரைந்தது. அவர் மனம் தளரவில்லை.

பலூனில் இருந்து கசிந்த வாயு மருந்தைக் கெடுத்தது. அதனால் ஒருநாள் வாயு வெளியேறும் வழியை அடைத்துவிட்டு ஏறினார். வாயு விரிந்தால் பலூன் வெடிக்கலாம். உயிருக்கே ஆபத்து! சுமார் 80 மீட்டர் உயரத்தில் படம் எடுத்தார். படம் மங்கல்தான். ஆனாலும் கீழே இருந்த வீடுகள் தெரிந்தன! வானில் இருந்து எடுத்த முதல் போட்டோ அதுதான். அந்தப் படம் இன்று இல்லை.

நதார் இருட்டையும் விடவில்லை. பாரீசின் நிலத்தடிச் சுரங்கங்களில் மின்விளக்கு ஏற்றிப் படம் எடுத்தார். 1910-ல் காலமானார்.

இன்று செயற்கைக்கோள்கள் இரவில் பூமியைப் படம் பிடிக்கின்றன. விளக்கு வெளிச்சம் பரவியுள்ள இடங்களைப் பார்த்து, நகரம் எதுவரை வளர்ந்துள்ளது என்று கணக்கிடுகிறார்கள். அதற்கு முதல் படி, நதார் ஏறிய பலூன்தான்!