அஞ்சாத மேய்ப்பர்: கர்தினால் வான் காலன்

யூபிலி என்பது வந்த வழியைத் திரும்பிப் பார்க்கும் காலம். இனிச் செல்ல வேண்டிய வழிக்கு நெஞ்சைத் திடப்படுத்திக்கொள்ளும் காலமும் அதுவே. ஆகவே இம்மலரில், கடல் கடந்த நாடொன்றில் வாழ்ந்து மறைந்த ஓர் ஆயரின் வரலாற்றைப் பங்கு மக்கள் முன் வைக்க விரும்புகிறோம். அநீதி ஆட்சிக் கட்டிலில் அமர்ந்து, அண்டை வீட்டாரிடம்கூட மனந்திறந்து பேச மக்கள் அஞ்சிய நாள்களில், பிரசங்க பீடத்தில் நின்று உண்மையை உரைத்தவர் அவர். மூன்ஸ்டர் நகரின் சிங்கம் என்று உலகம் அவரைப் போற்றியது. ஆனால் அந்தச் சிங்கத்திற்குத் துணிவு தந்தவர்கள் யார் என்பதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

கிளெமென்ஸ் ஆகஸ்ட் வான் காலன் 1878ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், வடமேற்கு ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பகுதியில் டிங்லாகே என்னும் ஊரின் கோட்டை வீட்டில் பிறந்தார். பிரபு குடும்பம், பெற்றோருக்குப் பிறந்த 13 பிள்ளைகளுள் அவர் 11ஆவது பிள்ளை. அக்காலத்தில் பிஸ்மார்க்கின் ஆட்சி திருச்சபையை ஒடுக்கி வந்தது. மூன்ஸ்டர் ஆயரே நாட்டை விட்டு வெளியேறி வாழ வேண்டியிருந்தது. விசுவாசத்திற்காகத் துன்புறுவது என்றால் என்ன என்பதைத் தாய்ப்பாலோடு அருந்தி வளர்ந்த குடும்பம் என்றே சொல்லலாம்.

1904ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்ற அவர், 1906 முதல் 1929 வரை 23 ஆண்டுகள் தலைநகர் பெர்லினில் பங்குப் பணி ஆற்றினார். முதல் உலகப் போரின் பட்டினியையும் அதன் பின் வந்த வேலையில்லாத் திண்டாட்டத்தையும் அங்கே தம் மக்களோடு இருந்து கண்டார். 1929இல் மூன்ஸ்டர் நகருக்குத் திரும்பி, புனித லம்பெர்ட் ஆலயத்தின் பங்குத்தந்தையானார். ஆறரை அடி உயரம், எளிய பழக்கவழக்கம், பழமையில் பற்று. சொல்வன்மைக்குப் பெயர் பெற்றவர் அல்லர். தாய்நாட்டை ஆழமாக நேசித்தவர். கலகம் செய்வது அவர் இயல்பிலேயே இல்லை. இதை நாம் மறக்கலாகாது. ஏனெனில் தீமையை எதிர்த்துப் பேசுவது பேச்சுத்திறம் படைத்தவர்களின் வேலை என்று நம்மில் பலர் ஒதுங்கி நிற்கிறோம்.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அதே ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் வான் காலன் மூன்ஸ்டர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மனிதரின் புகழ்ச்சிக்கு மயங்குவதில்லை, அவர்களின் அச்சுறுத்தலுக்குப் பணிவதுமில்லை என்ற கருத்தையே அவர் தம் விருதுவாக்காகக் கொண்டார். அடுத்த ஆண்டே, இரத்தத்தையும் இனத்தையும் தெய்வமாக்கும் புதுக் கொள்கையைக் கண்டித்துச் சுற்றுமடல் விடுத்தார். 1937இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் நாசிக் கொள்கையைக் கண்டித்து ஜெர்மன் மொழியிலேயே சுற்றுமடல் வெளியிட்டபோது, அதுபற்றி ஆலோசிக்க ரோமைக்கு அழைக்கப்பட்ட ஐந்து ஜெர்மன் ஆயர்களுள் இவரும் ஒருவர்.

இதற்கிடையே 1936 நவம்பரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஓல்டன்பர்க் பகுதியின் பள்ளிக்கூடங்களிலிருந்து பாடுபட்ட சுரூபங்களை அகற்றிவிட வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. அப்பகுதியின் கத்தோலிக்கர் பெரும்பாலும் குடியானவர்கள். ஆயுதம் இல்லை, பதவி இல்லை. ஆயினும் அவர்கள் வாளாவிருக்கவில்லை. ஊர் ஊராகத் திரண்டு அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். நவம்பர் 25ஆம் நாள் குளோப்பன்பர்க் என்னும் ஊரில் ஆயிரக்கணக்கானோர் கூடிய மண்டபத்தில், நாசிக் கட்சியின் வட்டாரத் தலைவர் அந்த ஆணையைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க நேர்ந்தது. சர்வாதிகாரம் பின்வாங்கிய அரிய நாள் அது. மக்கள் துணை நின்றால் பேச முடியும் என்பதற்கு அது கண்கண்ட சாட்சியாயிற்று.

இனி 1941ஆம் ஆண்டுக்கு வருவோம். போர் மூண்டு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். ஜூலை மாதத் தொடக்கத்தில் மூன்ஸ்டர் நகரின் மேல் தொடர்ந்து பல இரவுகள் குண்டு மழை பொழிந்தது. மக்கள் வீடிழந்து நின்ற அதே வாரத்தில், கெஸ்டாப்போ என்னும் இரகசியப் போலீசார் சேசு சபைக் குருக்களின் இல்லங்களையும் கன்னியர் மடத்தையும் பறித்துக்கொண்டு, அங்கிருந்தவர்களை வெளியேற்றினார்கள். மறுநாள், ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. ஆயர் லம்பெர்ட் ஆலயத்தின் பிரசங்க பீடத்தில் ஏறினார். விசாரணையின்றி எவரையும் சிறையில் தள்ளும் அதிகாரத்தின் முன், நாட்டில் யாருக்கும் பாதுகாப்பு இல்லை என்றும், நீதி அழிந்தால் நாடே அழியும் என்றும் முழங்கினார். தாமும் எந்த நாளிலும் கைதாகலாம் என்பதை அறிந்தே பேசினார். ஜூலை 20ஆம் நாள் மீண்டும் பேசினார். நாம் சம்மட்டி அல்ல, பட்டறைக்கல். விழும் அடிகளைத் தாங்கி உறுதியாய் நிற்பதே நம் கடமை என்று மக்களைத் தேற்றினார்.

மூன்றாம் மறையுரை ஆகஸ்ட் 3ஆம் நாள் நிகழ்ந்தது. அதைப் புரிந்துகொள்ள, அப்போது மறைவில் நடந்துவந்த கொடுமையை அறிய வேண்டும். 1939ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மனநோயாளரையும் ஊனமுற்றோரையும் கொன்றுவிடும் திட்டத்திற்கு ஹிட்லர் கையெழுத்திட்டிருந்தார். மருத்துவ இல்லங்களிலிருந்து நோயாளர்கள் பேருந்துகளில் ஏற்றிச் செல்லப்பட்டு, ஆறு கொலை நிலையங்களில் நச்சுவாயுவால் கொல்லப்பட்டார்கள். குடும்பத்தாருக்கு ஏதோ ஒரு நோயின் பெயர் குறித்த பொய்க் கடிதம் வரும். உடல் எரிக்கப்பட்டுவிட்டதென்று செய்தி வரும். 1941 ஆகஸ்டுக்குள் இவ்வாறு மாண்டோர் 70,000 பேருக்கு மேல். ஊருக்கெல்லாம் அரசல்புரசலாகத் தெரியும். உரக்கச் சொல்லத்தான் ஆளில்லை.

மூன்ஸ்டர் அருகே மரியென்டால் மருத்துவ இல்லத்திலிருந்தும் நோயாளர் கொண்டு செல்லப்படுகிறார்கள் என்று அறிந்த ஆயர், முதலில் சட்டத்தின் கதவைத் தட்டினார். கொலை நடக்கப் போவதை அறிந்தவர் அதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் அப்போதும் இருந்தது. அதன்படி ஜூலை 28ஆம் நாள் அரசு வழக்கறிஞருக்கும் காவல்துறைத் தலைவருக்கும் எழுத்து மூலம் புகார் கொடுத்தார். பயன் இல்லை. எனவே ஆகஸ்ட் 3ஆம் நாள் அனைத்தையும் மக்கள் முன் விண்டு வைத்தார்.

அன்றைய நற்செய்தி, எருசலேம் நகரைக் கண்டு ஆண்டவர் கண்ணீர் விட்ட பகுதி. ஆயர் அதையே தொடக்கமாகக் கொண்டார். இடத்தைச் சொன்னார், நாளைச் சொன்னார், மீறப்பட்ட சட்டப் பிரிவைச் சொன்னார். நோயாளி என்பவர் பழுதான இயந்திரமோ, பால் மறந்த பசுவோ அல்லர். உழைக்க முடியாதவருக்கு உயிர் வாழும் உரிமை இல்லை என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், நாளை முதியவருக்கும், போரில் கைகால் இழந்து திரும்பும் படைவீரருக்கும் அதே கதிதான் என்று எச்சரித்தார். நம் வீடுகளில் படுக்கையில் கிடக்கும் பாட்டியையும், பேச்சு வராத குழந்தையையும் நினைத்துப் பாருங்கள். அவர் யாருக்காகப் பேசினார் என்பது விளங்கும்.

அடுத்து நடந்ததே நாம் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது. பத்திரிகைகளும் வானொலியும் அரசின் கையில் இருந்தன. ஆயினும் அம்மறையுரைகள் நாடெங்கும் பரவின. எப்படி? மக்கள் இரவில் அமர்ந்து தட்டச்சு செய்தார்கள், கையால் படியெடுத்தார்கள், நம்பிக்கைக்குரியவர்களின் கையில் கொடுத்து அனுப்பினார்கள். போர்முனைப் படைவீரர்களுக்கும் அவை போய்ச் சேர்ந்தன. அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. லூபெக் நகரில் இவற்றைப் பரப்பியவர்களுள் யோகான்னஸ் பிராசெக், எடுவர்ட் முல்லர், ஹெர்மன் லாங்கே என்னும் மூன்று இளங்குருக்களும், கார்ல் பிரீட்ரிக் ஸ்டெல்பிரிங்க் என்னும் லூத்தரன் சபைப் போதகரும் இருந்தனர். நால்வரும் 1943 நவம்பர் 10ஆம் நாள் ஹாம்பர்க் சிறையில் தலை வெட்டப்பட்டு இறந்தனர். மரணம் அவர்களிடம் சபை வேறுபாடு பார்க்கவில்லை.

ஆயரைத் தூக்கிலிட வேண்டும் என்று நாசித் தலைவர்கள் சிலர் வற்புறுத்தினார்கள். ஆனால் அவரைத் தொட்டால் அப்பகுதி மக்கள் முழுவதையும் இழக்க நேரும் என்று கோயபல்ஸ் அஞ்சினார். பழிவாங்குவதைப் போர் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். அவருக்குப் பதிலாக அவருடைய குருக்கள் பலர் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டது, ஆயரின் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று.

ஆகஸ்ட் 24ஆம் நாள், நச்சுவாயுக் கொலைத் திட்டத்தை நிறுத்தும்படி ஹிட்லர் ஆணையிட்டார். ஒரு மறையுரையால் மட்டும் இது நிகழ்ந்ததென்று சொல்வதற்கில்லை. மக்களிடையே பரவியிருந்த மனக்கொதிப்பும் காரணம். தீமை அத்தோடு ஒழிந்துவிடவுமில்லை. பட்டினியாலும் மருந்தாலும் நோயாளரைக் கொல்வது மறைவில் தொடர்ந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யூத மக்கள் கூட்டங்கூட்டமாய்க் கொண்டு செல்லப்பட்டபோது, இதே ஆயர் அவர்களுக்காகப் பெயர் சொல்லிப் பிரசங்க பீடத்தில் குரல் எழுப்பவில்லை. அந்த மௌனம் இன்றும் நம்மை வருத்துகிறது. நம்மவருக்காகப் பேசுவதோடு கடமை முடிந்துவிடுமா? வேலிக்கு அப்பால் அழுகிறவரும் நம் அயலாரே அல்லவா?

1945இல் போர் ஓய்ந்தது. வெற்றி பெற்ற பிரித்தானிய இராணுவ ஆட்சியிடமும், மக்களின் பசிக்காகவும் நியாயத்திற்காகவும் ஆயர் அஞ்சாமல் வாதாடினார். 1946 பிப்ரவரியில் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். மார்ச் 16, அவருடைய 68ஆவது பிறந்தநாள். அன்று மூன்ஸ்டர் திரும்பினார். இடிந்து கிடந்த பேராலயத்தின் முன் மக்கள் கடலெனத் திரண்டிருந்தார்கள். தாம் பேச முடிந்தது மக்கள் தம் பின்னால் நின்றதால்தான் என்று அவர்களுக்கே நன்றி கூறினார். ஆறே நாளில், மார்ச் 22ஆம் நாள், குடல்வால் நோய் முற்றி இறைவனடி சேர்ந்தார். 2005 அக்டோபர் 9ஆம் நாள் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது. லூபெக் குருக்கள் மூவருக்கும் 2011இல் அப்பேறு கிட்டியது.

அன்பு மிக்க பங்கு மக்களே! காலம் நல்லதாகட்டும், பிறகு பேசலாம் என்று காத்திருப்பது நம்பிக்கை ஆகாது. குளோப்பன்பர்க் குடியானவர்கள் முதலில் நின்றார்கள். பிறகு ஆயர் பேசினார். பேசியதை ஆயிரம் கைகள் சுமந்து சென்றன. மேய்ப்பரின் வாய்க்கு மந்தையே வலிமை. நம் ஊரில் ஓர் ஏழைக்கு அநீதி நிகழும்போது, நடந்தது இது, நடந்த இடம் இது, மீறப்பட்ட நீதி இது என்று வெறுப்பின்றி, பொய்யின்றி எடுத்துச் சொல்வோம். சொல்கிறவர் தனித்து நிற்காதபடி அவர் அருகில் நிற்போம். இந்த யூபிலி ஆண்டில் ஆண்டவர் அவ்வரத்தை நமக்கு அருள்வாராக.