பைக்கைக் கழற்றிப் போட்ட ஹோட்டல் சர்வர்

உங்களுக்கு பைக் பைத்தியம் எங்கே ஆரம்பிச்சுது? பெரும்பாலும் தியேட்டரில்தான் இருக்கும். 2007-ல் 'பொல்லாதவன்' பார்த்துட்டு வீட்டில் பல்சர் கேட்டு அடம் பிடிச்சவங்க நம்ம அண்ணன்மார் செட். 'மங்காத்தா', 'வலிமை' பார்த்துட்டு பைக் கனவு கண்டவங்க நம்ம செட். படம் முடிஞ்சதும் அடுத்த கட்டம் வாசல்ல ஆரம்பிக்கும். ஞாயித்துக்கிழமை காலையில் வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, ஒரு பக்கெட் தண்ணி, கிழிஞ்ச பனியன், கொஞ்சம் செயின் லூப் வெச்சு உட்கார்ந்துடுவோம். ஓட்டப்பிடாரம், தூத்துக்குடி பக்கம் வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு இந்த ஞாயிறு வேலை கொஞ்சம் அதிகம். கடற்கரைப் பக்கம் போனா உப்பளக் காத்து செயினைச் சும்மா விடாது. இந்தப் பக்கம் வந்தா கரிசல் புழுதி ஏர் ஃபில்டரைச் சும்மா விடாது.

நூறு வருஷத்துக்கு முன்னாடியே இந்தப் பைத்தியம் ஒருத்தருக்குப் பிடிச்சது. அவர் பார்த்தது சினிமா இல்லை, நிஜ வண்டி. அதை வாங்கணும்னே ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்தார். வாங்கினதும் முழுசா கழற்றிப் போட்டு, திரும்ப மாட்டினார். அவர்தான் ஜி.டி. நாயுடு. கோயம்புத்தூர் நண்பர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவங்க, மாதவன் அவராக நடிக்கும் படத்தின் போஸ்டரில் பெயரைப் பார்த்திருப்பீங்க. படத்தில் எவ்வளவு காட்டுவாங்களோ தெரியாது, அவர் வாழ்க்கை நம்மை மாதிரி இன்ஜினியரிங் படிக்கிறவங்களைப் பார்த்து ஒரு சங்கடமான கேள்வி கேட்குது. அதுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கலங்கல் பையன்

1893 மார்ச் 23 அன்று, கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்தே வரவில்லை. வாத்தியார் மேல் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிய பையன் என்றுதான் ஊர் இன்னும் கதை சொல்கிறது. தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு வயல் வேலை, கூடவே கையில் கிடைத்ததை எல்லாம் தானாகப் படிப்பது.

அப்போதுதான் ஒரு வெள்ளைக்கார அதிகாரி அந்தப் பக்கம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானாக ஓடும் ஒரு வண்டியைத் துரைசாமி பார்த்தார். பார்த்ததோடு விடவில்லை. வயலை விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்தார். இலை போட்டு, தண்ணீர் வைத்து, டம்ளர் எடுத்து, சில வருஷம் காசு சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும் அதைக் கொடுத்து அதே மாதிரி ஒரு ரட்ஜை வாங்கினார். அந்தக் காலத்தில் சில நூறு ரூபாய் என்றால் ஒரு சர்வர் கண்ணால் பார்க்காத தொகை. இஎம்ஐ எல்லாம் கிடையாது, அப்பாவிடம் கேட்கவும் இல்லை.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஊரைச் சுற்றி ரெண்டு ரவுண்டு, நாலு போட்டோ. அவர் ஸ்பானரை எடுத்தார். வண்டியின் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றினார், திரும்ப மாட்டினார்.

உள்ளே என்ன இருந்தது?

ரட்ஜ்-விட்வொர்த் என்பது இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரத்துக் கம்பெனி. முதலில் சைக்கிள் செய்தார்கள், 1910-ஐ ஒட்டி பைக்குக்கு வந்தார்கள். வேகத்துக்குப் பேர் போன வண்டி. 1914-ல் ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயத்தின் சீனியர் ரேஸை ஜெயித்தது ரட்ஜ்தான். அவர்களுடைய பிரபலமான மாடலில் ஒற்றை சிலிண்டர், 499 சிசி. கேட்டால் நம்ம புல்லட்டுக்கு அண்ணன் மாதிரி தெரியும். ஆனால் அந்தக் கால வண்டியே வேற உலகம். இன்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்குச் செயினுக்குப் பதில் ஒரு பெல்ட் போகும். பேட்டரி கிடையாது, ஸ்பார்க் வருவது மேக்னெட்டோவில். ஆயில் தானாகச் சுற்றி வராது. ஓட்டுகிறவர்தான் போகப் போக ஒரு கை பம்ப்பை அழுத்தி இன்ஜினுக்கு ஆயில் கொடுக்கணும். மறந்தால் பிஸ்டன் சீஸ் ஆகிவிடும். அதிகமாகக் கொடுத்தால் பிளக் கரி பிடித்துவிடும்.

அதாவது, இன்ஜினுக்கு உள்ளே நடப்பது என்னன்னு தெரியாதவர் அந்த வண்டியை ஓட்டவே முடியாது. கலங்கலில் சர்வீஸ் சென்டரும் கிடையாது, பார்த்துச் செய்ய யூட்யூபும் கிடையாது. எந்த நட்டு எங்கிருந்து வந்தது என்று அவரே ஞாபகம் வைக்கணும். ஒரு தடவை வண்டியைத் திறந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், கழற்றுவது யாருக்கும் வரும். மாட்டி முடித்த பிறகு கையில் ரெண்டு வாஷர் மிஞ்சாமல், கிக் அடித்தால் வண்டி ஸ்டார்ட் ஆகணும். இன்ஜினியரிங் அங்கேதான் இருக்கு.

ஒரு பஸ், பிறகு பல பஸ்

இப்படித்தான் அவர் மெக்கானிக் ஆனார். நடுவில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கிக் கொஞ்சம் சம்பாதித்தார். அந்தப் பணத்தோடு பம்பாய்க்குப் போய்ப் பெரிய அளவில் வியாபாரம் செய்து, இருந்ததையும் இழந்துவிட்டு ஊர் திரும்பினார். அப்போது கைகொடுத்தவர் கோயம்புத்தூரில் ஆலைகள் நடத்திய சர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் கொடுத்த கடனோடு 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் ஓட்ட ஆரம்பித்தார். டிரைவரும் அவரேதான். கொஞ்ச வருஷத்தில் அந்த ஒற்றை பஸ் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

பஸ் கம்பெனி முதலாளியாகி ஏசி ரூமில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருக்காது. ரட்ஜிடம் கேட்ட கேள்வியை அவர் எல்லாப் பொருளிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார். இது எப்படி வேலை செய்யுது? இதில் எந்தப் பாகம் நிஜமாவே தேவை? இதை ஏன் நாமே, இதைவிட மலிவா செய்யக் கூடாது?

பதில்கள் வரிசையாக வந்தன. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸில், இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டாரை உருவாக்கினார். கோயம்புத்தூர் மோட்டார், பம்ப் செட் நகரமான கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. நம்ம கரிசல் காட்டில் கிணத்து மேட்டில் ஓடும் மோட்டாரின் பெயர்ப் பலகையைத் துடைத்துப் பாருங்க, ஊர் பெயர் பெரும்பாலும் கோயம்புத்தூர்னு இருக்கும். உலர் மின்கலத்தில் ஓடும் குட்டி மோட்டார் வைத்த ஷேவிங் ரேஸர், மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, கள்ள ஓட்டைத் தடுக்கும் ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். 1941-ல் அஞ்சு வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரித்துத் தர முடியும் என்று அறிவித்தார். பருத்தி, பப்பாளி என்று செடிகளையும் விட்டு வைக்கவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பா போய், லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தார். எல்லாம் தொடக்கப் பள்ளியோடு நின்ற ஆள் செய்தது.

பிரின்சிபால் நாயுடு

இப்போ நம்ம ஏரியாவுக்கு வர்றோம். 1945-ல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு பாலிடெக்னிக்கும் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியும் தொடங்கின. ஆர்தர் ஹோப் அப்போதைய சென்னை மாகாண கவர்னர். முயற்சியும் நன்கொடையும் நாயுடுவுடையவை. அந்த இன்ஜினியரிங் கல்லூரிதான் இன்றைக்கு ஜிசிடி, அதாவது அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. நாயுடுவே பிரின்சிபாலாக இருந்தார். வாத்தியார் மேல் மண் வீசின பையன் பிரின்சிபால்!

உட்கார்ந்ததும் பழைய பழக்கம் வந்துவிட்டது. இந்தத் தடவை அவர் கழற்றிப் பார்த்தது சிலபஸை. நாலு வருஷப் படிப்பைப் பிரித்துப் பார்த்து, இதே அளவு விஷயத்தைக் கற்றுக்கொள்ள ரெண்டு வருஷம் போதும், மீதி ரெண்டு வருஷம் பிள்ளைகளுக்கு வீண் என்று முடிவுக்கு வந்தார். பிரிட்டிஷ் அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

நாலாம் வருஷத்தில் உட்கார்ந்திருக்கிற நமக்கு இது கொஞ்சம் உறைக்கணும். அவர் கணக்கு சரியா தப்பான்னு வாதம் பண்ணலாம். தெர்மோடைனமிக்ஸும் கன்ட்ரோல் சிஸ்டம்ஸும் ரெண்டு வருஷத்தில் அடங்காதுன்னு நானும் சொல்வேன். ஆனா ஓட்டோ சைக்கிளின் பி-வி வரைபடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைவோம், நாம ஓட்டுற வண்டியில் ஸ்பார்க் பிளக் எங்கே இருக்குன்னு காட்டச் சொன்னா எத்தனை பேர் காட்டுவோம்? ஃபைனல் இயர் ப்ராஜெக்டை ரெடிமேடா காசு கொடுத்து வாங்கி, வைவாவுக்கு முந்தின நாள் ராத்திரி அது என்னன்னு படிக்கிற வழக்கம் எந்தக் கல்லூரிக்கும் புதுசில்லை. அவர் சர்வர் வேலை பார்த்துச் சேர்த்த காசில் வாங்கியது, கழற்றிப் பார்க்க ஒரு மெஷின். நாம அப்பா காசில் வாங்குறது, கழற்றவே தேவையில்லாத ஒரு மெஷின்.

ஸ்பானருக்கு மசியாத போல்ட்

நாயுடு தொட்டதெல்லாம் ஜெயித்தது என்று நினைத்துவிடாதீங்க. 1952-ல் ரெண்டு பேர் உட்காரும் ஒரு பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். தயாரிக்க அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை, அந்தக் கார் அதோடு நின்றது. நடுத்தரக் குடும்பத்துக்கு மலிவான கார் என்ற யோசனையை நாடு மறுபடி கையில் எடுக்கப் பல வருஷம் ஆனது.

ஓட்டப்பிடாரத்துக்காரங்களுக்கு இந்த மாதிரிக் கதை புதுசில்லை. நம்ம ஊரில் 1872-ல் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை, 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைத்து நெருக்கியது, அரசாங்கம் அவரை ஜெயிலில் போட்டது, 1911-ல் கம்பெனியே இழுத்து மூடப்பட்டது. அவர் செக்கிழுத்த ஜெயில் இருந்தது கோயம்புத்தூரில். 1908-ல் அவரை அங்கே கொண்டுபோனபோது, கொஞ்ச தூரத்தில் கலங்கலில் துரைசாமிக்கு வயசு 15. ரெண்டு பேரும் வேற வேற ஆட்கள், வேற வேற பாதை. ஆனால் ஒன்று பொது. ரெண்டு பேருடைய வண்டியையும் நிறுத்தியது இன்ஜின் கோளாறு இல்லை.

நாயுடு சும்மா இருக்கவில்லை. அரசின் வரிக் கொள்கையைக் கண்டித்து, தான் செய்த பொருட்களைத் தானே பொதுமக்கள் முன்னால் உடைத்துக் காட்டினார். ஆசை ஆசையாகச் சேர்த்து மாட்டினவர், தன் கையாலேயே உடைக்கிறார் என்றால் எவ்வளவு கோபம் இருந்திருக்கும்! அதற்குப் பிறகும் தொழிற்பயிற்சி, கண்காட்சி என்று இளைஞர்களுக்கான வேலையை அவர் விடவில்லை. 1974 ஜனவரி 4 அன்று காலமானார். அவரைப் பற்றி ரஞ்சித் குமார் எடுத்த ஆவணப்படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான். அதே ரோட்டில் அவருடைய கண்காட்சியும், அவர் குடும்பத்தார் நடத்தும் ஜிடி கார் மியூசியமும் இருக்கு. கோயம்புத்தூருக்கு ஐவி போனா, மாலுக்குப் போறதுக்கு முன்னாடி அங்கே ஒரு எட்டு போயிட்டு வாங்க.

இப்போ முடியுமா?

நியாயமான ஒரு கேள்வி உங்களுக்கு வரும். ரட்ஜைக் கழற்றலாம், இப்போ வர்ற வண்டியைக் கழற்ற முடியுமா? 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு சாதா கம்யூட்டர் பைக்கிலும் கார்புரேட்டர் போய், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தாச்சு. எவ்வளவு பெட்ரோல் போகணும்னு முடிவு பண்றது ஈசியு என்ற சின்னப் பெட்டி. அதுக்குள்ளே ஸ்பானர் போகாது.

உண்மைதான். ஆனா மேக்னெட்டோவும் 1912-ல் கலங்கலில் இருந்தவங்களுக்கு மந்திரப் பெட்டிதான். ஈசியு-க்கும் தகவல் வெளியே சொல்ல வழி இருக்கு. ஸ்கேனர் மாட்டினா எந்த சென்சார் என்ன சொல்லுதுன்னு படிக்கலாம். ஈசிஇ, சிஎஸ்இ நண்பர்களே, உங்க ஸ்பானர் அதுதான். மெக்கானிக்கல்காரங்களுக்கு இன்னும் பிரேக், கிளட்ச், செயின், சஸ்பென்ஷன் எல்லாம் அப்படியே காத்துக்கிட்டு இருக்கு. பெரிசா ஒண்ணும் வேண்டாம். பழைய இரும்புக் கடையில் செத்துப்போன ஒரு டிவிஎஸ் 50 இன்ஜினை நாலு பேர் சேர்ந்து வாங்குங்க. கழற்றும்போது ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஒரு போட்டோ எடுங்க. நட்டுகளைக் கழற்றின வரிசையிலேயே பழைய சோன்பப்டி டப்பாவில் போடுங்க. சொந்த வண்டியில் கை வைக்கிறதா இருந்தா பிரேக்கை மட்டும் தெரிஞ்சவங்க பக்கத்தில் இருக்கும்போது தொடுங்க. சத்தத்துக்காக சைலன்சரை மாத்துறது இந்தக் கணக்கில் வராது. அதில் கத்துக்க ஒண்ணும் இல்லை, ஃபைன்தான் வரும்.

டிகிரி வேண்டாம்னு இந்தக் கட்டுரை சொல்லலை. டிகிரி வாங்குங்க, அரியரையும் கிளியர் பண்ணுங்க. ஆனா கான்வகேஷன் மேடையில் ஏறுறதுக்கு முன்னாடி ஏதாவது ஒரு மெஷினை முழுசா கழற்றி, முழுசா மாட்டி, அது ஓடுறதைப் பார்த்திருக்கணும். ஒரு ஹோட்டல் சர்வர் அதைத் தன் சொந்தக் காசில் செஞ்சார். நமக்கு லேப் இருக்கு, டூல்ஸ் இருக்கு, இன்னும் ஒரு செமஸ்டரும் இருக்கு.